பருப்புக்கீரைன்னு பறிச்சுப் போட்டேன், ஆமை வாயைத் தேய்க்குது. எந்தச் செடின்னு சொல்லுங்க

ஓட்டுவீடு (கேள்வி)

வணக்கம். என்கிட்ட ரெண்டு வயசு சல்கட்டா தரை ஆமை ஒண்ணு இருக்கு. வழக்கமா அறுகம்புல், காய்ந்த புல், செம்பருத்தி இலைதான் போடுவேன். வீட்டுக்குப் பின்னாடி காலி இடத்துல தரையோட படர்ந்த ஒரு களைச்செடி நிறைய இருந்துச்சு. சிவந்த தண்டு, சின்னச் சின்ன இலை. போன்ல படம் எடுத்து ஒரு செயலியில பார்த்தேன், பருப்புக்கீரைன்னு காட்டுச்சு. நம்பி ரெண்டு கைப்பிடி அரிஞ்சு வந்து போட்டேன்.

அரை மணி நேரத்துல முன்னங்காலால வாயைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. வாயோரம் நுரை மாதிரி எச்சில். இப்போ புல்லைக்கூட மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிறா. பருப்புக்கீரை ஆமைக்கு ஆகாதா? இல்ல, நான் பறிச்சது வேற செடியா?

களைக்கொத்தி

முதல்ல மிச்சம் கிடக்கிற செடி முழுசையும் எடுத்துடுங்க, ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு கொடியின் தண்டை ஒடிச்சுப் பாருங்க. வெள்ளையாப் பால் வருதா?

ஓட்டுவீடு

பார்த்துட்டேன். சிலதுல தண்ணி மாதிரிதான் வருது. சிலதுல பால் வருது! ஒரே செடின்னுதானே நினைச்சேன்.

களைக்கொத்தி

ஒரே செடி இல்லை, ரெண்டு செடி. பால் வருவது அம்மான் பச்சரிசி இனத்தைச் சேர்ந்த தரையில் படரும் வகை, சித்திரப் பாலாடை மாதிரி ஒன்று. அந்தப் பால் வாயையும் கண்ணையும் எரிக்கும். பருப்புக்கீரையும் இதுவும் ஒரே வெயிலில், ஒரே மண்ணில், ஒன்றுக்குள் ஒன்று பின்னி வளரும். மேலிருந்து எடுத்த படத்தில் செயலி மட்டுமல்ல, பழகிய கண்ணே ஏமாறும்.

இப்போதைக்குத் தாடைக்குக் கீழே நிற்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் விடுங்கள். தானாகக் குடித்தால் நல்லது, வாய்க்குள் ஊற்ற வேண்டாம். கண் சிவந்திருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். செடியையும் கையோடு கொண்டு போங்கள். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்றுதான் முதலில் கேட்பார்.

மண்வாசம்

இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது, பால் வந்தா விஷம், வரலைன்னா போடலாம். அதோட ஆமைக்கே தெரியும், ஆகாததைத் தொடாது.

களைக்கொத்தி

மன்னிக்கணும், ரெண்டுமே ஆபத்தான நம்பிக்கை. மல்பெரி இலையைக் கிள்ளினாலும் பால் வரும், டான்டலியன் என்கிற மஞ்சள் பூச் செடியின் தண்டிலும் வரும். ரெண்டும் தரை ஆமைக்கு அருமையான தீவனம். ஆமணக்கிலும் ஊமத்தையிலும் பால் கிடையாது, ரெண்டுமே கொல்லக்கூடியவை. பால் ஒரு துப்பு, அவ்வளவுதான். இங்கே பருப்புக்கீரையா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அது உதவியது.

ஆமைக்குத் தெரியும் என்பதை எண்ணித்தான் எனக்குப் பயம். ஒரு பிராந்தியத்தில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த ஆமைக்கு அங்குள்ள செடி பழகியிருக்கலாம். நம் தொட்டியில் பிறந்து, தட்டில் போட்டதைத் தின்று வளர்ந்த குட்டிக்கு அது எங்கிருந்து வரும்?

ஓட்டுவீடு

மருத்துவரிடம் போய் வந்தோம். வாய்க்குள்ள சிவந்து லேசா வீங்கியிருக்காம், கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. ரெண்டு நாளைக்கு இதே மாதிரி கொஞ்ச நேரம் தண்ணியில விட்டு எடுக்கச் சொன்னார், தொடர்ந்து தின்னாம இருந்தா திரும்ப வரச் சொன்னார். நாம செஞ்ச தப்புக்கு அது கஷ்டப்படுறதைப் பார்க்கவே முடியலை. இனி ரெண்டையும் எப்படிப் பிரிச்சு எடுக்கிறது? பருப்புக்கீரையே வேண்டாமா?

களைக்கொத்தி

போடலாம், கொஞ்சமாக. அதில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடு வளரும் வயதில் தினமும் கூடாது. சல்கட்டாவுக்கு எப்படியும் புல்தான் முக்கியம், மற்றதெல்லாம் மேலே தூவுகிற அளவே.

பிரிக்கும் விதம்: பருப்புக்கீரையின் தண்டு உருண்டு சதைப்பிடிப்பாக இருக்கும், நசுக்கினால் நீர் கசியும். இலை தடித்து, வழவழப்பாக, நுனிப்பக்கம் அகன்று அடியில் குறுகும். கிளை நுனியில் இலைகள் கொத்தாக நிற்கும். மற்றதின் தண்டு நூல் போல மெலிந்தது. இலை மெல்லியது, எதிரெதிராக இருக்கும், அடிப்பக்கம் ரெண்டு பாதியும் சமமாக இராது. சில வகையில் இலை நடுவே கருஞ்சிவப்புத் திட்டு.

எனக்கு முடிவான சாட்சி பூவும் காயும்தான். பருப்புக்கீரையில் வெயிலேறும் காலையில் சின்ன மஞ்சள் பூ விரியும். காய் முற்றினால் பானை மூடி கழல்வது போல மேல்பாதி தனியாகக் கழன்று, உள்ளே கறுப்பு விதைகள் தெரியும். மற்றதில் பூ கண்ணுக்கே தெரியாத அளவு, காய் மூன்று புடைப்பாக இருக்கும். பூக்காத செடியைப் பெயர் தெரியாமல் பறிக்காதீர்கள். முக்கியமாக, கைப்பிடியாக அரியாமல் ஒவ்வொரு கொடியாக வேரோடு இழுத்து எடுங்கள்.

களைக்கொல்லி அடித்த இடமா என்பதையும் விசாரியுங்கள். அது செடியைப் பார்த்தால் தெரியாது.

மண்வாசம்

நான் சொன்னதைத் திருத்தினதுக்கு நன்றி. இத்தனை நாளா மல்பெரியைப் பால் வருதேன்னு ஒதுக்கிட்டிருந்தேன்.

ஓட்டுவீடு

மூணாம் நாள். காலையில அறுகம்புல்லைக் கடிச்சுட்டா, எச்சிலும் நின்னுடுச்சு. மருந்தடிச்ச இடமான்னு விசாரிச்சேன், இல்லைன்னு உறுதியாச் சொன்னாங்க. அப்புறம்தான் பின்பக்கம் உட்கார்ந்து கொடி கொடியா எடுத்துப் பார்த்தேன். பதினாலு கொடியில ஒன்பதுதான் பருப்புக்கீரை. நீங்க சொன்ன மூடிக்காயையும் பார்த்தேன், நகத்தால தொட்டதும் கழன்று வந்துச்சு. அவ வாய் முழுசா ஆறுற வரைக்கும் புல் மட்டும்தான்.