எங்கள் வீட்டில் பேச்சு வந்த விதம்

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மகனுக்கு இரண்டு வயது முடிந்தபோது வாயில் இருந்தது ‘ம்மா’ ஒன்றுதான். பாலுக்கும் ‘ம்மா’, பூனைக்கும் ‘ம்மா’. “அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசுனான், தானா வரும்” என்று அத்தை வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். பக்கத்து வீட்டு அக்காவோ, “நீ பிள்ளைகிட்ட பேசுறதே இல்ல போல” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன்.

அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்து போகும். 2013-இல் தொடங்கிய திட்டம், காசு கிடையாது, ஆனாலும் பல தாய்மாருக்குத் தெரியவில்லை. அந்த டாக்டரம்மாதான், “இரண்டு வயசுல ஐம்பது சொல்லாவது வரணும், ‘அம்மா வா’ன்னு சேர்த்துச் சொல்லணும். முதல்ல காதைப் பாருங்க” என்று சீட்டு எழுதினார். தட்டு விழுந்தால் திரும்புகிறானே என்றேன். பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் மெல்லிய பேச்சொலி கேட்காமல் போகலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலே அப்படி ஆகும் என்றார்.

காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டைப் பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அதனால் முந்தின ராத்திரி பாதி நேரம் அவனைத் தூங்கவிடவில்லை. பஸ் செக்கானூரணி தாண்டியதும் அவனுக்குக் கண் சொக்கியது. மதுரை ஆரப்பாளையம் வரும்வரை தூங்கிவிடாமல் இருக்க ஜன்னலில் மாடு, லாரி என்று காட்டிக்கொண்டே வந்தேன். காதில் குறை இல்லை என்று வந்தது.

அப்புறம் பேச்சுப் பயிற்சி. அந்த மேடம் முதலில் சொன்னது, “உங்க தப்பு இல்லம்மா.” அடுத்தது, “சொல்லு சொல்லுன்னு கேட்காதீங்க. நீங்க சொல்லுங்க, நிறுத்துங்க, அவனைப் பார்த்துட்டே காத்திருங்க.” செல்போனையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

காத்திருப்பதுதான் கஷ்டம். குளிக்க வைக்கும்போது ஒவ்வொரு செம்புக்கும் “ஊத்து” என்று சொல்லி ஊற்றுவேன். நாலாவது செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மனசுக்குள் பத்து எண்ணுவேன். அவன் செம்பையே பார்ப்பான், காலை உதைப்பான். சத்தம் வராது. சரி என்று ஊற்றிவிடுவேன். இப்படி ஒரு மாதம் போனது. ஒரு நாள் உதட்டைக் குவித்து “ஊ” என்றான். ஊற்றினேன். உடனே மறுபடி “ஊ!” அன்றைக்கு வாளித் தண்ணீர் முழுதும் தீர்ந்தது.

இப்போது மூன்றரை வயது. “தண்ணி ஊத்து”, “ஆச்சி வா” எல்லாம் வருகிறது. தெளிவு போதாது, பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அவனுக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னால் அத்தை விடுவதில்லை: “கொஞ்சம் பொறுங்க, பிள்ளை சொல்லட்டும்.”