செலுத்துநரா, செலவேற்பாளரா?

அன்புடையீர்,

'சிங்கிள் பேயர்', அதாவது எல்லாருடைய சிகிச்சைச் செலவையும் பொதுப்பணத்திலிருந்து ஒரே அமைப்பு கொடுக்கும் முறை, என்பதற்குத் தமிழ் கேட்டு மன்னார்குடி ஆசிரியர் அம்மா எழுதி எட்டு நாள் ஆகிறது. இதுவரை வந்தவை மூன்று: ஒற்றைச் செலுத்துநர், தனிச் செலுத்துநர், ஒருமுகக் கட்டணம். கடைசிச் சொல்லைக் கும்பகோணத்து நண்பரே திரும்பப் பெற்றுக்கொண்டார். 'தனி' என்பது இன்றைக்குக் காதில் 'தனியார்' என்றுதான் விழும். பொதுப்பணத்தில் நடக்கும் முறைக்கு அந்தப் பெயரை வைத்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிடும்.

மிஞ்சுவது ஒற்றைச் செலுத்துநர். அகராதிப்படி குற்றமில்லை. (செலுத்துநரா செலுத்துனரா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) என் தயக்கமெல்லாம் 'செலுத்து' என்ற வினைமேல்தான். நாம் எவற்றைச் செலுத்துகிறோம்? வரி, பிரீமியம், நேர்த்திக்கடன், அஞ்சலி. காய்கறிக் கடையில் யாரும் விலையைச் செலுத்துவதில்லை, கொடுக்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் செலுத்துவது அரசு. மருத்துவமனைக்குப் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். இதில் 'செலுத்துநர்' யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அரசைக் காட்டுவார்கள். ஆனால் ஆங்கிலச் சொல் சுட்டுவது மருத்துவமனையின் பில்லைத் தீர்ப்பவரை.

எனக்குச் சொல் கிடைத்தது அகராதியில் இல்லை. போன தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மைத்துனருக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மேசையில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி: "கேஷா, கம்பெனி இன்ஷூரன்ஸா, முதலமைச்சர் திட்டமா, இ.எஸ்.ஐ.யா?" ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு உறையிலும் ஒரு விலைப்பட்டியல். ஒரே குழாய், ஒரே மருத்துவர், விலை மட்டும் நான்கு. மைத்துனரிடம் இருந்தது கம்பெனி இன்ஷூரன்ஸ். முன்அனுமதி வரும்வரை முன்பணம் கட்டச் சொன்னார்கள். தங்கை வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றும் அந்த நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காலை பதினொரு மணியிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு பலகை: வரவேற்பு.

அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. வரவு, ஏற்பு. நம்மை வரவேற்றவர்கள் இருக்கிறார்கள். செலவை ஏற்பவர் யார் என்றுதானே இவ்வளவு நேரமும் தேடுகிறார்கள்? 'சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும்' என்று செய்தித்தாள்கள் அன்றாடம் எழுதுகின்றன. ஆக, என் முன்மொழிவு: ஒற்றைச் செலவேற்பு முறை. பேயர் என்பவர் செலவேற்பாளர். அந்த மேசையில் நான் கண்டது பன்மைச் செலவேற்பு.

பொருளிலும் ஒரு கவனம் வேண்டும். சென்ற வாரக் கடிதங்களில் இரண்டு, ஒற்றைச் செலவேற்பையும் அரசு மருத்துவமனையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தன. பிரிட்டனில் 1948இல் வந்த தேசிய சுகாதாரச் சேவையில் பெரும்பாலான மருத்துவமனைகளே அரசின் உடைமை ஆயின. கனடா அப்படியில்லை. அங்கே சஸ்காச்சுவன் மாகாணம் 1947இல் மருத்துவமனைச் செலவையும், 1962இல் டாக்டர் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது. இரண்டாவதற்கு டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் கனடாவின் டாக்டர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள். பில் மட்டும் மாகாண அரசுக்குப் போகிறது. தைவான் அதுவரை இருந்த பல காப்பீடுகளை 1995இல் சேர்த்து ஒன்றாக்கியது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 1965இல் வந்த அரசுக் காப்பீடான மெடிகேரை எல்லா வயதினருக்கும் விரிக்க வேண்டும் என்பதுதான் அங்கே நடக்கும் வாதம்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க நெல் கொள்முதல் நிலையம் போதும். நெல்லுக்குப் பணம் கொடுப்பது நுகர்பொருள் வாணிபக் கழகம்; வயல் நம்முடையதுதான். ரகத்துக்கு ஒரு விலை, பட்டியல் ஒன்று. தட்டிக்கேட்க முடியாத வியாபாரியிடம் மூட்டைக்கு மூட்டை பேரம் பேசவேண்டியதில்லை. பேரத்தின் மறுபக்கத்தையும் நம் மாநிலமே காட்டியிருக்கிறது: 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்குபவனுக்குக் கிடைக்கும் விலை சில்லறையாக வாங்குபவனுக்குக் கிடைக்காது. ஒற்றைச் செலவேற்பை ஆதரிப்பவர்களின் வாதத்தில் பாதி இதுதான்; மீதிப் பாதி அந்த நான்கு பிளாஸ்டிக் உறைகள்.

*

திருவையாற்றிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு முள். 'செலவு' முற்றியலுகரம், கடைசி உகரம் முழுதாக ஒலிப்பது. 'பங்கு' குற்றியலுகரம், உகரம் குறுகி ஒலிப்பது; பின்னால் உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் கெடும் என்பதால் பங்கேற்பு சரி. செலவேற்பு எப்படிச் சேரும்? செலவுவேற்பு என்றல்லவா வரவேண்டும்?

இரண்டாவது முள் இலக்கணத்தில் இல்லை. கொள்முதல் நிலையத்தை உவமை சொன்னீர்களே, அங்கே நெல்லைக் கொட்டி வைத்து மழையில் காத்துக் கிடந்ததுண்டா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று ஒதுக்கினால், சாக்கு வரவில்லை என்று நிறுத்தினால், நாங்கள் ஓடுவது அதே வியாபாரியிடம். அவனும் இல்லாவிட்டால்? வாங்குபவன் ஒருவனே என்றால் அவன் கை இழுத்துக்கொள்ளும்போது போக்கிடம் இல்லை. கனடாவில் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் வரிசை என்கிறார்களே, அதுவும் இதே ஈரப்பதம்தான்.

*

ஐயா,

முதல் முள்ளுக்கு விடை நான் பார்த்த 'வரவேற்பு' பலகையிலேயே இருந்தது. வரவு மட்டும் குற்றியலுகரமா? முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வரவேற்பும் கதவடைப்பும் நின்றால் செலவேற்பும் நிற்கும்.

இரண்டாவது முள் குத்தத்தான் செய்கிறது, பிடுங்க மாட்டேன். மழையில் நானும் தார்ப்பாய் பிடித்து நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நமக்கு வேண்டியிருந்தது சாக்கும் உலர்த்துகளமும். இன்னும் நான்கு வியாபாரிகள் வந்திருந்தால் ஈரம் காய்ந்திருக்காது. கனடாவின் வரிசைக்கும் படுக்கை, டாக்டர் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பேன். தவிர, இந்தச் சண்டையைச் சொல்லின்மேல் ஏற்ற வேண்டாம். முறையை எதிர்க்கிறவரும் கூசாமல் எழுதக்கூடிய பெயராக இருக்கவேண்டும். 'மக்கள் காப்பீடு' என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்காதது அதனால்தான். காப்பீட்டைக் 'காப்புறுதி' என்று எழுதும் இலங்கை, மலேசிய அன்பர்களுக்கும் செலவேற்பில் இடைஞ்சல் இல்லை.

மன்னார்குடி அம்மா, உங்கள் பட்டியலில் அடுத்தது 'அவுட் ஆஃப் பாக்கெட்' என்று நினைக்கிறேன். அதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். அடகுச் சீட்டை மடித்துக்கொண்டே என் தங்கை சொன்னாள்: "எல்லாம் கைக்காசு அண்ணா." கைக்காசுச் செலவு என்றே போட்டுவிடுங்கள்.