தேசிய வீதம் இறங்குகிறது, ஒரு மாவட்டத்தில் மட்டும் ஏறுகிறது: கருக்கலைப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: வாசகி

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் நலக் குழு ஒன்றுக்காகக் கருக்கலைப்பு பற்றிய சிறிய அறிக்கை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். நாடு முழுவதற்குமான எண்ணிக்கை பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் குறைந்துவர, ஒரு மாவட்டத்தில் மட்டும் இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கிறது. அந்த மாவட்டத்துப் பெண்களிடையே கருத்தடைப் பயன்பாடு குறைந்துவிட்டதாக எழுதிவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றி அப்படி ஒரு வரியில் தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: ஓர் அட்டவணையில் ‘கருக்கலைப்பு விகிதம்’ இரண்டு இலக்கத்தில் இருக்கிறது, மற்றோர் அட்டவணையில் அதே ஆண்டுக்கு, அதே மாவட்டத்துக்கு, அதே தலைப்பில் மூன்று இலக்கத்தில் இருக்கிறது. எதை நம்புவது?

மறுமொழி: புள்ளியியல் ஆசிரியர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் பிழை கணக்கில் இல்லை, சொல்லில் இருக்கிறது. கருவுறும் வயதில் உள்ள 1,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் எத்தனை கருக்கலைப்புகள் என்பது ஓர் அளவு. 1,000 பிறப்புகளுக்கு எத்தனை என்பது வேறோர் அளவு. முன்னதை ‘வீதம்’ என்றும் பின்னதை ‘விகிதம்’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பமே வராது. ஆனால் நாம் இரண்டையும் ‘விகிதம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். பெண்களின் எண்ணிக்கையைவிட ஓர் ஆண்டின் பிறப்புகள் மிகக் குறைவு என்பதால் இரண்டாவது எண் எப்போதும் பெரிதாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, பிறப்புகள் குறைந்தாலே அந்த விகிதம் ஏறிவிடும். கருக்கலைப்பு ஒன்றுகூடக் கூடியிருக்க வேண்டியதில்லை. வயது வரம்பையும் பாருங்கள்: சில நாடுகள் 15 முதல் 44 வரையும் உலக அளவிலான மதிப்பீடுகள் 15 முதல் 49 வரையும் கணக்கிடுகின்றன.

முதல் கேள்விக்கு அயர்லாந்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2016-இல் அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கில் இருந்தவை வெறும் 25 கருக்கலைப்புகள், ஏனெனில் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே சட்டம் அனுமதித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரியைக் கொடுத்துச் சிகிச்சை பெற்ற பெண்கள் 3,265 பேர். 2018 மே மாதப் பொது வாக்கெடுப்புக்குப் பிறகு சட்டம் மாறி, 2019 தொடக்கத்திலிருந்து சேவை உள்நாட்டிலேயே கிடைத்தது. அந்த ஆண்டில் 6,666 பதிவாயின, கடல் கடந்து சென்றவர்கள் சில நூறு பேராகக் குறைந்தார்கள். உள்நாட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்துப் படிப்பவர், அயர்லாந்துப் பெண்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டார்கள் என்று எழுதியிருப்பார். உங்கள் அட்டவணை சிகிச்சை நடந்த இடத்தைக் கணக்கிடுகிறதா, பெண் வசிக்கும் இடத்தையா என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

ஆசிரியர் ஐயா சொன்னது பதிவானவற்றைப் பற்றி. பதிவேட்டுக்கே வராதவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் என் கையால் எழுதியவள் நான். இரவுப் பணியில் உதிரப்போக்கோடு ஒரு பெண் வருவாள். உடன் வந்த மாமியாரோ அக்காவோ ‘தானாகக் கலைந்துவிட்டது’ என்பார்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தாலும், தானாகக் கரு கலைந்திருந்தாலும், உடலில் தெரிவது ஒன்றே, செய்ய வேண்டிய சிகிச்சையும் ஒன்றே. நோயறிதல் என்ற கட்டத்தில் ‘முழுமையற்ற கருச்சிதைவு’ என்று எழுதுவேன். அவளைத் துருவிக் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. கேட்டிருந்தால் அடுத்த முறை அவள் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டாள் என்று இன்றும் நம்புகிறேன். நம் பேச்சிலும் ‘அபார்ஷன் ஆகிவிட்டது’ என்பது இரண்டுக்கும் பொருந்துவதால், வீடு வீடாகச் சென்று கேட்கும் ஆய்வுகளும் இங்கே தடுமாறுகின்றன.

இதன் அளவை உணர இந்தியாவுக்கான ஒரு மதிப்பீடு போதும். 2015-இல் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஆறு மாநிலங்களில் தரவு திரட்டிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அக்காலத்து அரசுப் பதிவுகளில் இருந்தவை ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம். அந்த ஆய்வின்படி மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம் மட்டுமே, 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. ஆகவே ஒரு மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறினால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம் அம்மா: மறைவில் நடந்துகொண்டிருந்தது மருத்துவர் கண்காணிப்புக்குள் வந்திருக்கலாம்.

வாசகி

இருவருக்கும் நன்றி. இரண்டு ஆண்டுகளின் அட்டவணைகளையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அடியில், மிகச் சிறிய எழுத்தில், ‘சிகிச்சை அளிக்கப்பட்ட இடத்தின்படி’ என்று இருக்கிறது. விசாரித்ததில், அந்த மாவட்டத்தில் இடைப்பட்ட காலத்தில் புதிய மகளிர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டிருக்கிறது; பக்கத்து மாவட்டத்தில் இருந்த ஒரு மருத்துவமனை இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்த்துக் கூட்டியபோது அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. இப்படி ஒரு வரியை அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது உடல் பதறுகிறது. தேசிய வீதம் குறைவதைப் பற்றியாவது உறுதியாக எழுதலாமா?

மறுமொழி: ஆய்வு மாணவி

எழுதலாம், ஆனால் தொடங்கிய ஆண்டையும் முடித்த ஆண்டையும் சொல்லி எழுதுங்கள். அமெரிக்காவில் 1,000 பெண்களுக்கு 1981-இல் 29.3 ஆக இருந்த வீதம் 2017-இல் 13.5 ஆக இறங்கியது; அங்கேயே நிறுத்தினால் அது தொடர்ச்சியான சரிவு. 2020-இல் 14.4 ஆக ஏறியதைச் சேர்த்தால் கதை மாறுகிறது. கருக்கலைப்பு உரிமைக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கிய பிறகு எண்ணிக்கை சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2023-இல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. தடை விதித்த மாநிலங்களிலிருந்து பெண்கள் இல்லினாய், கான்சஸ், நியூ மெக்ஸிகோ போன்ற இடங்களுக்குப் பயணம் செய்தார்கள், அங்கெல்லாம் வீதம் உயர்ந்தது. தொலைமருத்துவம் வழியாக மாத்திரை பெறுவதும் பெருகியது. அந்நாட்டின் அரசுத் தொகுப்பை மட்டும் நம்பவும் முடியாது, ஏனெனில் மாநிலங்கள் விரும்பினால்தான் தரவு தருகின்றன. நாட்டிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட கலிபோர்னியா பல ஆண்டுகளாகத் தருவதில்லை.

சட்டத்தின் பங்கைப் பற்றி எழுதுவதாக இருந்தால் ருமேனியாவை விட்டுவிடாதீர்கள். 1966-இல் அங்கே கடுமையான தடை வந்தது. 1989 இறுதியில் அது நீக்கப்பட்டபோது, கர்ப்பகால மரணத்தில் ஐரோப்பாவிலேயே மிக மோசமான நிலையில் அந்நாடு இருந்தது. தடை நீங்கிய அடுத்த ஆண்டிலேயே அந்த மரண வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டில் பதிவான கருக்கலைப்புகள் பத்து லட்சத்தை நெருங்கின. கருத்தடைச் சாதனங்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் குறைந்தன. முதல் ஓராண்டின் ஏற்றத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுபவர்கள் இன்றும் உண்டு.

சிறிய ஊர்களின் எண்களைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். 20 என்பது அடுத்த ஆண்டு 27 ஆவது தற்செயலாகவே நடக்கக்கூடியது. அதை ‘35 சதவீத உயர்வு’ என்று எழுதாமல் ஐந்து ஆண்டுகளைக் கூட்டிச் சராசரியாகக் கொடுங்கள். மிகச் சிறிய எண்களை வெளியிடவே வேண்டாம், ஏனெனில் வயதும் ஊரும் சேர்ந்தால் அந்தப் பெண் யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசகி

ஊர்வாரியான பக்கத்தை நீக்கிவிட்டேன். மாவட்ட அட்டவணையின் தலைப்புக்கு நேர் கீழே, தலைப்பின் அதே அளவு எழுத்தில், ‘இந்த எண்கள் சிகிச்சை நடந்த இடத்தைக் குறிக்கின்றன, பெண்கள் வசிக்கும் இடத்தை அல்ல; மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை இதில் இல்லை’ என்று சேர்த்திருக்கிறேன். குழுவினரிடம் நாளை காட்டுகிறேன்.