5/2 என்று எழுதுவதா, 3.50 என்று எழுதுவதா?

காட்பாடி கணக்கு வாத்தியார்:
பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரைப் பந்தய விகிதங்களைப் பின்னமாக எழுதும் பழைய முறையைக் கைவிட்டுத் தசமத்துக்கு மாற வேண்டும் என்று ராணிப்பேட்டைத் தம்பி எழுதியதை நான் ஏற்கவில்லை. 5/2 என்றால், கீழே உள்ள இரண்டைக் கட்டி வென்றவருக்கு மேலே உள்ள ஐந்து லாபம். கட்டிய இரண்டும் திரும்பி வருவதால் கைக்கு வருவது ஏழு. அதையே, ஒன்று கட்டினால் கைக்கு வரும் மொத்தமாக, 3.50 என்று எழுதினால் முதலும் லாபமும் கலந்துவிடுகின்றன. வட்டிக்கு விடுகிறவர் யாராவது அசலையும் வட்டியையும் ஒரே தொகையாக எழுதி வைப்பாரா?

ராணிப்பேட்டை இளங்கோ:
ஐயா, லாபம் தெரிகிறது; வெல்லும் வாய்ப்பு தெரிகிறதா? 1/2 என்பதைப் பாதி வாய்ப்பு என்று படிப்பவர்கள் நம் வேலூர்ப் பக்கத்திலும் உண்டு. கீழ் எண்ணை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மூன்றில் இரண்டு, அதாவது ஏறத்தாழ 67 விழுக்காடு வருகிறது. 6/4, 13/8, 11/8 ஆகியவற்றில் எது பெரியது என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா? (6/4 என்பதை 3/2 என்று சுருக்கவும் மாட்டார்கள், மரபாம்.) 2.50, 2.63, 2.38 என்றால் குழப்பமே இல்லை.

காட்பாடி கணக்கு வாத்தியார்:
அரைக்கால் (1/8), மாகாணி (1/16) வாய்ப்பாடு ஒப்பித்த தலைமுறையிடமா இந்தக் கேள்வி? 11/8 ஒன்றேகாலே அரைக்கால், 6/4 ஒன்றரை, 13/8 ஒன்றரையே அரைக்கால். வரிசை தானாக வந்துவிட்டது, தம்பி.

குடியாத்தம் வாசகர்:
இருவரும், பந்தயப் பணத்தை வாங்கி வென்றவருக்குக் கொடுக்கும் புக்கியின் பங்கை விட்டுவிட்டீர்கள். நான்கு குதிரைகள் மட்டுமே ஓடும் பந்தயத்தில் 6/4, 2/1, 4/1, 5/1 என்ற விகிதங்கள் இருந்தால், வாய்ப்புகள் முறையே 40, 33.33, 20, 16.67 விழுக்காடு. கூட்டினால் நூறு வர வேண்டிய இடத்தில் 110 வருகிறது. இதே விகிதாசாரத்தில் 110 ரூபாய் பந்தயப் பணம் சேர்ந்தால், எந்தக் குதிரை வென்றாலும் புக்கி கொடுப்பது நூறு ரூபாய்தான்; ஆகவே அந்த 40 விழுக்காட்டைக் குதிரையின் உண்மையான திறனாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. புக்கிக்கு மிஞ்சும் இந்தப் பத்து ரூபாயை வாத்தியாரின் பின்னமும் காட்டவில்லை, இளங்கோவின் தசமமும் காட்டவில்லை.

ராணிப்பேட்டை இளங்கோ:
கண்ணுக்குத் தெரியாது என்பது சரி. ஆனால் தசமமாக இருந்தால் ஒன்றை ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துக் கூட்டினாலே அது வெளிப்பட்டுவிடும். பின்னத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கூட்டல் அதிகம். இருபது குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு ஐயா வாய்ப்பாட்டை வைத்தே போட்டுக் காட்டட்டும்.