இறுதியாண்டு கிராமத் தங்கல்: எப்படித் தயாராவது?

கேள்வி (வேளாண் மாணவி, சென்னை):
ஏழாம் பருவத்தில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்துக்காகக் கிராமத்தில் தங்கப்போகிறோம். எங்கள் குழுவில் பத்துப் பெண்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அடுக்குமாடியில் வளர்ந்தவள். நாற்பது வருடம் தோப்பு பார்த்தவர் முன்னால் நின்று தென்னையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தாலே தொண்டை வறள்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (முன்னாள் மாணவி, திருச்சி):
தங்கச்சி, எனக்குக் காவிரிக் கடைமடையில் ஓர் ஊர் கிடைத்தது. முதல் செயல்விளக்கம் நெல் விதைத் தேர்வு. வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உள்ளே போட்ட முட்டை மேலே வந்து பழைய நாலணா அகலத்துக்குத் தெரியும்வரை காத்திருந்தோம். பிறகு விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மிதந்தன. அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினோம். கூடியிருந்தவர்களில் ஒரு பாட்டி மட்டும் கையை விட்டு நெல்லைத் துழாவிப் பார்த்து, "இன்னும் ஒருதரம் அலசு, உப்பு நின்றால் முளைக்காது" என்றார். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் வீட்டுத் திண்ணைதான்.

கிராம வரைபடத்தைக் கோயில் வாசலில் கோலப்பொடியால் போட்டோம். வாய்க்காலை ஊர் எல்லைவரை நீல நிறத்தில் நான் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் என் கையிலிருந்து பொடியை வாங்கி, பாதியிலேயே குறுக்கே ஒரு கோடு போட்டார். "மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தாலும் இதற்குக் கீழே தண்ணீர் வந்து சேர்வதில்லை அம்மா." கோட்டுக்குக் கீழே இருந்தது அவருடைய வயல். பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் நான் திருத்தி எழுதவில்லை, அவர் போட்டபடியே வரைந்தேன். நீங்களும் வரைபடம் போடும்போது பொடியை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

பதில் (முன்னாள் மாணவர், மதுரை):
பதிவேட்டை அன்றன்று இரவே எழுதிவிடுங்கள். விடுதிக்குத் திரும்பியபின் பிரிவுபசார விழா, குழுப் படம், வேலை விண்ணப்பம் என்று நாள் ஓடிவிடும். எங்கள் பிரிவுபசார விழாவில் எல்லோரும் பேசியது வகுப்பறையைப் பற்றி அல்ல, தங்கிய ஊரைப் பற்றித்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, அண்ணா. தென்னை டானிக்கை, அதாவது மரத்துக்கான சத்துக் கரைசலை, பையில் ஊற்றி வேரில் கட்டிக் காட்ட வேண்டும். மரத்துக்கு 200 மில்லி என்று தெரியும். ஆனால் எந்த வேர் என்பதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பதில் (தென்னை விவசாயி, ஆனைமலை):
கண்ணு, பென்சில் தடிமனில், உயிரோட்டமான இளவேராகப் பார்க்க வேண்டும். முற்றிக் கறுத்தது உறிஞ்சாது. நுனியைச் சாய்வாக வெட்டி, பையின் அடிவரை விட்டு, மருந்து சிந்தாமல் கட்ட வேண்டும். போன வருடம் எங்கள் தோப்புக்கு வந்த பிள்ளைகள் அவசரத்தில் வேரை நசுக்கிவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பை அப்படியே நிறைந்திருந்தது. அரிவாளைத் தீட்டி வைக்கிறேன், வாருங்கள். முதல் மரத்துக்கு நான் வேர் தோண்டித் தருகிறேன், இரண்டாவதை நீங்களே தேடுங்கள்.