நெப்ராஸ்காவில் ஒரு கோச்சுக்கு எத்தனை வருஷம் கொடுக்கலாம்?

லிங்கன்வாசி:
2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, நம் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி லிங்கனில் சொந்த மைதானத்தில் அயோவாவிடம் 40–16 என்று தோற்றது. அதற்கு முந்தின வாரம் பென் ஸ்டேட்டிடம் 37–10. 2025 சீசன் 7 வெற்றி, 5 தோல்வி என்று நிற்கிறது. இரண்டு நாளாக யாரிடம் பேசினாலும் கோச் மேட் ரூலை அனுப்பிவிட வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை மாதம் முன்பு என்ன நடந்தது? பென் ஸ்டேட் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வேலையை விட்டு நீக்கியது. ரூல் அங்கே படித்து ஆடியவர், அங்கேயே போய்விடுவார் என்று இந்த ஊரே பயந்து கிடந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி அவருடைய ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதே ஆட்கள்தான் இன்று அவரைப் போகச் சொல்கிறார்கள்.

நான் லிங்கனுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவன். 2003-இல் அப்போதைய கோச் ஃபிராங்க் சோலிச் 9 ஆட்டம் ஜெயித்து 3 தோற்ற வருஷத்தில் அவரை நீக்கினார்கள். ஆறு வருஷத்தில் 58 வெற்றி, 19 தோல்வி. நம் கடைசி கான்பரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) பட்டம் 1999-இல் அவர் வாங்கித் தந்ததுதான். சூப்பர் பவுல் (தொழில்முறை லீகின் இறுதி ஆட்டம்) வரை அணியைக் கொண்டுபோன பில் கலஹனைக் கூட்டிவந்தார்கள். முதல் வருஷமே 5–6. 1961-க்குப் பிறகு முதல் முறையாகத் தோல்விக் கணக்கில் ஒரு சீசன் முடிந்தது. அப்புறம் போ பெலினி. ஏழு வருஷமும் 9 அல்லது 10 வெற்றி. அவரையும் 2014-இல் நீக்கினார்கள். அடுத்து வந்த மைக் ரைலி 19–19, ஸ்காட் ஃபிராஸ்ட் 16–31. ஒவ்வொரு தடவையும் கையில் இருந்ததை விட்டுவிட்டு அதைவிடக் குறைவானதை வாங்கியிருக்கிறோம். இன்னொரு முறை அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

சிவப்புச்சட்டை:
நண்பரே, உங்கள் கணக்கில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். சோலிச் 2002-இல் 7–7. அதற்கு முந்தின வருஷம் கொலராடோவிடம் 62–36, பிறகு தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் மயாமியிடம் 37–14. சரிவு அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பெலினியின் 9 வெற்றிகளுக்குள் என்ன இருந்தது? 2012 கான்பரன்ஸ் இறுதியில் விஸ்கான்சின் 70–31 என்று அடித்தது. இரண்டு வருஷம் கழித்து அதே விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் ஒருவரே நமக்கு எதிராக 408 யார்டு ஓடினார், அதுவும் நாலாவது குவார்ட்டரில் களத்தில் இறங்காமலே. சின்ன அணிகளை ஜெயித்து, பெரிய ஆட்டத்தில் மானம் போவது வருஷா வருஷம் நடந்தது. போதாததற்கு, ரசிகர்களைக் கெட்ட வார்த்தையில் ஏசிய அவருடைய ஒலிப்பதிவு 2013-இல் வெளியே வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு 9 என்ற எண்ணை மட்டும் காட்டினால் எப்படி?

ரூல் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன். தரவரிசையில் முதல் 25-க்குள் இருந்த ஒரு அணியை நாம் கடைசியாக ஜெயித்தது 2016 செப்டம்பரில், ஓரிகனை. அதன் பிறகு மூன்று கோச் வந்தாயிற்று, ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தை நீட்டித்த பிறகு நான்கு ஆட்டத்தில் ஒரே வெற்றி. பதினோரு வருஷமாக சீசன் டிக்கெட் வாங்குகிறேன். மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. இப்படி நிற்கிற கூட்டம் கொஞ்சம் எதிர்பார்க்கக் கூடாதா?

லிங்கன்வாசி:
எதிர்பார்க்கலாம், தவறே இல்லை. ஆனால் எந்த அளவுகோலால் அளக்கிறோம்? எல்லோர் மனதிலும் சோலிச்சுக்கு முன்பு கோச்சாக இருந்த டாம் ஆஸ்போர்ன்தான் இருக்கிறார். 25 சீசன், 255 வெற்றி, 3 தேசியப் பட்டம். அந்த ஆஸ்போர்னே முதல் ஐந்து வருஷமும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். 1978-இல்தான் முதல் வெற்றி. அந்தச் சமயத்தில் வெறுத்துப்போய் கொலராடோவுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தார். முதல் தேசியப் பட்டம் 1994-இல், அவருடைய 22-வது சீசனில். இன்றைய பொறுமையை வைத்துப் பார்த்தால் அவர் 1977-ஐயே தாண்டியிருக்க மாட்டார்.

சிவப்புச்சட்டை:
அந்த ஒப்பீடு சரியில்லை. ஆஸ்போர்ன் எந்த வருஷமும் 9 வெற்றிக்குக் கீழே இறங்கவே இல்லை, முதல் வருஷம் உட்பட. அவருக்குக் கிடைத்த பொறுமை இலவசமாகக் கிடைத்ததல்ல. ரூல் மூன்று வருஷத்தில் 5, 7, 7.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வெற்றி தோல்வியை எண்ணுகிறீர்கள். நான் பணத்தை எண்ணுகிறேன், ஏனென்றால் கோச்சின் வேலை இன்று பணத்தில்தான் நிற்கிறது.

பைஅவுட் என்றால், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே கோச்சை நீக்கினால் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டிய தொகை. ஃபிராஸ்டை நீக்கியது 2022 செப்டம்பர் 11. அன்று அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் 75 லட்சம் போதும். இருபது நாள் பொறுக்க முடியாமல் 75 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023-இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.6 கோடி டாலருக்கு மேல். அவர் மறுநாளே வேறு வேலைக்குப் போனாலும் ஒரு டாலர்கூடக் குறையாது என்று அதில் எழுதியிருந்தது. ஃபிராங்க்ளினுக்கு ஏறக்குறைய 4.9 கோடி என்றார்கள். அவர் ஒப்பந்தத்தில் வேறு வேலை கிடைத்தால் கழித்துக்கொள்ளும் விதி இருந்தது. வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் பெரும்பகுதி குறைந்துவிட்டது. ஒரே ஒரு விதிதான், அது எழுதப்பட்டதா இல்லையா என்பதில் கோடிகள் இருக்கின்றன.

2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. அதன் பக்கத்தில் அந்த 4.9 கோடியை வைத்துப் பாருங்கள். ஆடுகிற எல்லோருக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் தரக்கூடிய தொகை, ஆடாத ஒருவருக்கு. ஆகவே கோச்சை வைப்பதா நீக்குவதா என்பதைவிட, நவம்பரை விளையாடி முடிக்கும் முன்பே 2032 வரை கையெழுத்துப் போடுவது யார், ஏன் என்றுதான் ரசிகர்கள் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒருநாளும் வேலை போவதில்லை.

சிவப்புச்சட்டை:
கடைசி வரி தவறு. சோலிச்சை நீக்கிய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சனை 2007-இல் நீக்கினார்கள், அந்த இடத்துக்கு ஆஸ்போர்னையே கூட்டிவந்தார்கள். பெலினியை நீக்கிய இயக்குநர் ஷான் ஐக்கோர்ஸ்ட் 2017-இல் நார்தர்ன் இல்லினாயிடம் தோற்ற அடுத்த வாரம் போனார்.

கணக்குப்பிள்ளை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அவர்கள் போனதும் தாமதமாக, போட்ட கையெழுத்துக்கான பணத்தை நிர்வாகம் கட்ட ஆரம்பித்த பிறகு.

தென்றல் ஒமாஹா:
ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் பையன்களைப் பற்றிப் பேசவில்லை. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது (வேறு மாநிலம், கல்லூரி பெயர் வேண்டாம்) விளையாட்டு வீரர்களுக்குப் புள்ளியியல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். டிசம்பர் மாதம், தேர்வு வாரம். கோச்சை நீக்கிய செய்தி எங்கள் வகுப்பு நடக்கும்போதே ஒரு பையனுடைய ஃபோனில் வந்தது. பத்தொன்பது வயது, அவ்வளவு பெரிய உடம்பு, பென்சிலை வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்தது அவர்தான் மேம், எங்கம்மா அவருக்குச் சோறு போட்டாங்க" என்றான். ஜனவரியில் புதிய கோச் வந்தார். நாங்கள் ஆடப்போகும் முறைக்கு நீ ஒத்துவர மாட்டாய் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்களாம். அடுத்த பருவத்தில் அவன் அங்கே இல்லை.

இப்போது கோச் மாறினால் வீரர்களும் வேறு கல்லூரிக்கு மாற வழி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மாறுகிற ஒவ்வொருவரும் பாதியில் விட்ட படிப்பையும் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். சிவப்புச்சட்டை அண்ணா, நீங்கள் ஒரு டிக்கெட்டுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள். கேளுங்கள். அந்தக் கணக்கில் இந்தப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

சிவப்புச்சட்டை:
தங்கச்சி, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. பதில் சொல்லும் முன் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பர் 10, ஜார்ஜியா சதர்ன் ஆட்டம். நான் அங்கே இருந்தேன். முதல் டச்டவுனுக்குச் சிவப்பு பலூன் விடுவது இந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் ஹீலியம் தட்டுப்பாடு என்று நிறுத்திவிட்டார்கள். வானம் வெறுமையாக இருந்தது, எனக்கு அப்போதே என்னவோ போலிருந்தது. கடைசி மூன்று நிமிடத்தில் 42–38 என்று முன்னால் இருக்கிறோம். சொந்த மைதானத்தில் 35 புள்ளிக்கு மேல் எடுத்த 214 ஆட்டத்திலும் தோற்றதே இல்லை என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். 36 விநாடி மீதி இருக்கும்போது அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எட்டு யார்டு தானே ஓடி உள்ளே போய்விட்டார். 45–42. எனக்குச் சத்தம் போடக்கூடத் தோன்றவில்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த மனிதர், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, வெளியேறும் எதிரணிக்குக் கைதட்டினார். இங்கே அப்படித்தான் தட்டுவார்கள். தட்டிக்கொண்டே அழுதார். மறுநாள் ஃபிராஸ்டை நீக்கினார்கள்.

ஃபிராஸ்ட் வெளியாள் இல்லை. லிங்கனில் பிறந்தவர், வுட் ரிவரில் வளர்ந்தவர், 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக். சென்ட்ரல் ஃபுளோரிடாவை 13–0 ஆக்கிவிட்டு வந்தவர். அவருக்கு நாங்கள் பொறுமை காட்டவில்லையா? முதல் ஆறு ஆட்டமும் தோற்றார், பொறுத்தோம். 2021-இல் 3–9, ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில், அடுத்த வருஷம் திரும்பும் என்று பொறுத்தோம். டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28–17 என்று முன்னால் இருக்கும்போது எதற்கு ஆன்சைடு கிக் (பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்க அடிக்கும் குட்டை உதை) அடித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதையும் இரண்டு வாரம் பொறுத்தோம். ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது.

லிங்கன்வாசி:
அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்று. அன்று நம்மை ஜெயித்த ஜார்ஜியா சதர்ன் கோச் கிளே ஹெல்டன், ஒரு வருஷத்துக்கு முன்பு யூஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். சோலிச்சும் அப்படித்தான். இங்கே வேண்டாம் என்ற பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பதினாறு சீசன் இருந்து 115 வெற்றி, அந்தக் கான்பரன்ஸ் வரலாற்றிலேயே அதிகம். நீக்கியதால் அவர்கள் திறமை போய்விடவில்லை. நமக்குத்தான் இடம் காலியானது.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. ஆஸ்போர்ன் கால பலம் இன்று கிடைக்காது. 1969-இலேயே பாய்ட் எப்லியைச் சம்பளம் கொடுத்து உடற்பயிற்சிக் கோச்சாக வைத்தவர்கள் நாம், மற்றவர்கள் அதை யோசிக்காத காலத்தில். இன்று எல்லாக் கல்லூரியிலும் அந்தக் கூடம் இருக்கிறது. உதவித்தொகை இல்லாமலே சேர்ந்து ஆடும் உள்ளூர்ப் பையன்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 2011-இல் பிக் டென் கான்பரன்ஸுக்கு மாறினோம், டெக்சாஸில் வருஷா வருஷம் ஆடி அங்குள்ள பையன்களைப் பிடிக்கும் வழியும் போயிற்று. மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் 20 லட்சம். எந்தக் கோச் வந்தாலும் இதே நிலத்தில்தான் உழ வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இது உண்மை. அதனால்தான் எட்டு வெற்றி என்றால் எட்டு என்று நிர்வாகம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லட்டும். சம்பளமும் பைஅவுட்டும் அந்த எண்ணோடு கட்டப்படட்டும். ஆஸ்போர்ன் காலத்து 1995-ஐ மனதில் வைத்துச் சம்பளம், 2025-ஐக் காட்டிச் சமாதானம் என்றால் ரசிகர் கோபப்படத்தான் செய்வார்.

தென்றல் ஒமாஹா:
2021-இல் டிக்கெட் மீந்துவிடும் நிலை வந்தபோது, நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை அப்படிப் போய் வந்தான். தோற்ற ஆட்டம். ஒரு மாதம் அதையே பேசினான்.

சிவப்புச்சட்டை:
அந்தப் பிள்ளைக்காகத்தான் நானும் பேசுகிறேன். அவன் பெரியவனாகும் முன்பு ஒரு பெரிய வெற்றியைப் பார்க்க வேண்டாமா?

ரூலை நாளைக்கே நீக்கு என்று நான் சொல்லவில்லை, லிங்கன்வாசி. அவர் 2024-இல் எட்டு வருஷத்துக்குப் பிறகு நம்மை பவுல் ஆட்டத்துக்கு (சீசன் முடிவில் தகுதி பெற்ற அணிகள் ஆடும் ஆட்டம்) கொண்டுபோய் பாஸ்டன் காலேஜை ஜெயித்ததை மறக்கவில்லை. குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா நவம்பர் முதல் ஆட்டத்தில் கால் முறிந்து போனதும் தெரியும். ஆனால் அயோவா கணக்கை மட்டும் பாருங்கள். 2014-க்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறோம், 2022-இல் 24–17. அன்று அணியை நடத்தியது ஃபிராஸ்ட் போன பிறகு தற்காலிகமாக நின்ற மிக்கி ஜோசப். மறுநாள் ரூலை அறிவித்தார்கள். அவர் வந்த பிறகு மூன்று முறை ஆடினோம், மூன்றும் தோல்வி. அடுத்த நவம்பரில் நாம் அங்கே போகிறோம். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

லிங்கன்வாசி:
அடுத்த நவம்பர். சரி, எழுதி வைத்துக்கொள்கிறேன். அந்த ஆட்டத்தை எங்கள் வீட்டில் பார்க்கலாம், எல்லோரும் வாருங்கள்.