எஸ்தோனியாவின் 1919–1940 நோட்டுகள்: மார்க்கில் தொடங்குவதா, குரோனில் தொடங்குவதா?

பால்டிக்_ஆல்பம்

லாட்வியா, லித்துவேனியா இரண்டின் போர்களுக்கிடைக்கால நோட்டுகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. அடுத்து எஸ்தோனியா. அங்கே முதலில் மார்க்கும் அதன் சில்லறையான பென்னியும், 1928 முதல் குரோனும் பணமாக இருந்தன. ஒரு விற்பனையாளர் மொத்தமாகத் தரும் கட்டில் இவை இருக்கின்றன: 5, 10, 20, 50 பென்னி நான்கும், 1922 தேதியிட்ட 10, 25 மார்க், ஒரு குரோன் என்று மேலச்சிட்ட (பழைய நோட்டின் மேல் புது மதிப்பை அச்சிட்ட) 100 மார்க், 1937 தேதியிட்ட 10 குரோன். ஒரே மதிப்புக்கு இரண்டு மூன்று வகை இருப்பதால் பட்டியலில் எதை எங்கே வைப்பது என்றே குழப்பமாக இருக்கிறது. எந்த வரிசையில் சேர்க்கலாம்? வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மார்க்_முதல்

மதிப்பை விட்டுவிடுங்கள், நோட்டின் தலைப்பை முதலில் படியுங்கள். யார் வெளியிட்டார் என்பது அங்கேதான் இருக்கிறது. 'கஸ்ஸதாஹ்ட்' என்றிருந்தால் அரசுக் கருவூல நோட்டு. 'வஹேதுஸ்தாஹ்ட்' என்றிருந்தால் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக அரசு விட்ட மாற்று நோட்டு. 'பங்கதாஹ்ட்' என்றிருந்தால் 1919 பிப்ரவரி 24-இல் தொடங்கிய மத்திய வங்கியான ஏஸ்தி பாங்க்கின் நோட்டு. 10, 25 மார்க் இரண்டும் 1919-இல் கஸ்ஸதாஹ்ட்டாகவும், 1922-இல் வஹேதுஸ்தாஹ்ட்டாகவும் வந்தன. உங்கள் கட்டில் இருப்பது பின்னது, பிக் (நோட்டு சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் உலகப் பட்டியல்) எண் 53, 54. பென்னி நான்கும் 1919 கஸ்ஸதாஹ்ட், பிக் 39 முதல் 42 வரை. 100 மார்க்தான் எல்லோரையும் குழப்பும்: 1919 கருவூல நோட்டு, 1920களின் தொடக்கத்தில் வங்கி நோட்டு, 1923-இல் மறுபடி கருவூல நோட்டு. தலைப்பு, ஆண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிழை வராது.

இவற்றுக்கும் முன்னால் 1919-இல் 5 சதவீத வட்டியுள்ள கடன் பத்திரங்கள் பணமாகவே கைமாறின. அதில் தவணைத் தேதி மாறினால் பட்டியலில் எண்ணும் மாறும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே மதிப்புக்குப் பல எண்கள், விலையும் அதிகம்.

வரிசை என்று கேட்டால், பென்னி நான்கு, பிறகு 1, 3, 5 மார்க், பிறகு 1922 இணை. 500, 1000 மார்க் நல்ல நிலையில் வரும்வரை காத்திருக்கலாம். 1923-இன் 5000 மார்க் கடைசி.

குரோன்_பெட்டி

நான் மாற்றித்தான் சொல்வேன். புதிதாகத் தொடங்குபவருக்குக் குரோன்தான் நல்லது, ஏனென்றால் தொகுப்பு சிறியது, முடிவும் தெரியும். 1928 ஜனவரி 1-இல் 100 மார்க்குக்கு 1 குரோன் என்று பணம் மாறியது. அதன்பின் முக்கியமாக ஏழு நோட்டுதான்: பிக் 61 அந்த மேலச்சு ஒரு குரோன், 62 மீனவருள்ள 5 குரோன் (1929), 63 கதிர்க்கட்டுடன் நிற்கும் பெண்ணுள்ள 10 குரோன் (1928), 64 ஊதுகொம்புடன் இடையனுள்ள 20 குரோன் (1932), 65 கடற்கரையுள்ள 50 குரோன் (1929), 66 கொல்லருள்ள 100 குரோன் (1935), 67 மீண்டும் 10 குரோன் (1937). ஓவியர் குந்தர் ரெய்ண்டோர்ஃபின் கைவண்ணம் இந்தத் தொகுப்பை அழகாக்கியது. உழைப்பவர்களையே நோட்டில் வைத்த இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

67 எளிதாகக் கிடைக்கும். அதில் மடிப்புள்ளதை வாங்கவே வேண்டாம், யூஎன்சி (புழங்காத, புத்தம் புது) நிலைக்குக் காத்திருங்கள்.

இணையத்தில் தேடும்போது 'எஸ்தோனியா 5 குரோன்' என்று போட்டால் சதுரங்க வீரர் பவுல் கெரெஸ் படமுள்ள 1990களின் நோட்டுதான் குவியும். 1992 ஜூன் 20-இல் மீண்டு வந்த குரோன் அது. ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

லென்ஸ்_10எக்ஸ்

எதை முதலில் வாங்கினாலும் சோதனை ஒன்றுதான். கட்டில் முதலில் பார்க்க வேண்டியது மேலச்சு நோட்டு. 10 மடங்கு லென்ஸில், மேலச்சின் எழுத்து கீழிருக்கும் கோடுகளைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் பல நிறப் புள்ளிகளாகச் சிதறியிருந்தால் இங்க்ஜெட். எழுத்தைச் சுற்றி பளபளக்கும் கருந்துகள் தெரிந்தால் லேசர் டோனர். இரண்டும் இந்தக் காலத்து வேலை.

அடுத்து கழுவி அழுத்திய நோட்டு. மதிப்பைக் குறைப்பதில் போலிக்கு அடுத்தபடி இதுதான். டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் விடுங்கள். தாள் தட்டையாகக் கிடக்கிறது, ஆனால் மடிப்பு இருந்த இடத்தில் மை தேய்ந்து வெளிர்கோடு தெரிகிறது என்றால், மடிப்பை அழுத்தி மறைத்திருக்கிறார்கள். யூஎன்சி விலை கொடுக்காதீர்கள். மூலைகளையும் பாருங்கள். மங்கலான மையோடு மூலை மட்டும் கூர்மையாக இருந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். நான்கு பக்க வெள்ளை ஓரத்தையும் அளவுகோலால் அளந்து, சான்றளிக்கப்பட்ட நோட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். வரிசை எண் அச்சிடாத சிறு பென்னி நோட்டுக்கு இது கட்டாயம்.

பால்டிக்_ஆல்பம்

நன்றி. விற்பனையாளர் அனுப்பிய புற ஊதா படத்தில் 25 மார்க் மட்டும் நீல வெண்மையாக ஒளிர்கிறது. போலி என்று தள்ளிவிடலாமா?

லென்ஸ்_10எக்ஸ்

உடனே தள்ள வேண்டாம். 1922 காகிதத்தில் ஒளிர்வூட்டிகள் (புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் வெண்மையூட்டிகள்) கிடையாது. அவை காகிதத்தில் வந்தது பல பத்தாண்டு கழித்துத்தான். ஆனால் சலவைத் தூளிலும் அதே பொருள் உண்டு, எனவே சோப்பில் கழுவிய அசல் நோட்டும் ஒளிரும். வேறுபாட்டை இப்படிப் பிரிக்கலாம்: போலியில் ஒளிர்வு தாள் முழுக்க சீராக இருக்கும், லென்ஸில் அச்சும் புள்ளிகளாக உடையும். கழுவியதில் ஒளிர்வு திட்டுத்திட்டாக இருக்கும், அச்சுக்கோடு தெளிவாக இருக்கும், இழைகள் மேலெழுந்து பஞ்சுபோல் தெரியும். எதுவாக இருந்தாலும் அந்த ஒன்றை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். படம் போதாது, 600 டிபிஐ ஸ்கேன் இருபுறமும் கேளுங்கள்.

மார்க்_முதல்

கைக்கு வந்தபின் பிவிசி உறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் மென்மையாக்கி ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை போதும், ஈரப்பதம் 50 சதவீதம் ஒட்டி இருக்கட்டும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள்.

இன்னொன்று. அதே கட்டில் யூதெனிச் கையெழுத்துள்ள 1919 ரூபிள் நோட்டையும் 'எஸ்தோனியா' என்று சேர்த்து விலை சொல்வார்கள். அது ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையின், யூதெனிச் தலைமையிலான வடமேற்குப் பிரிவு வெளியிட்டது, பட்டியலில் ரஷ்யாவின் கீழ் வரும். வாங்கினால் எஸ்தோனியப் பக்கத்தில் வைக்காமல் தனியே வையுங்கள்.

குரோன்_பெட்டி

தொகுப்பை எங்கே முடிப்பது என்று பின்னால் கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சோவியத் ஆக்கிரமிப்பில் 1940 நவம்பர் 25-இல் 1 குரோனுக்கு 1.25 ரூபிள் என்ற விகிதத்தில் ரூபிள் புழக்கத்துக்கு வந்தது, 1941 மார்ச் 25-இல் குரோன் செல்லாமல் போனது. அதற்குப் பின்னான ரூபிள் வேறு ஆல்பத்துக்குரியது.